சம்பூரில் நிலக்கரி நின்றது, அடுத்து அணு உலையா? கிழக்குக் கரையில் இருப்பவர்கள் பேசுங்கள்

கதிரவெளியான் | வாகரை

எல்லோருக்கும் வணக்கம். போன கிழமை வள்ளத்தைக் கரையேற்றிக்கொண்டு நிற்கும்போது பக்கத்து வளவுப் பெடியன் அப்பாவிடம் கேட்டான், "மாமா, சம்பூரில சோலர் போடுற இந்தியக் கம்பனி அவங்கட நாட்டில அணு உலையும் கட்டுதாமே, மறுகா இஞ்சயும் கொண்டு வருவாங்களா?" அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தார். எனக்கும் பதில் தெரியவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எனக்குத் தெரிந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். அந்தக் கம்பனி என்.டி.பி.சி. 1975இல் இந்திய அரசாங்கம் தொடங்கியது. இன்று இந்தியாவிலேயே பெரிய மின்சார நிறுவனம் அதுதான், அதன் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்றைக்கும் நிலக்கரியில்தான் வருகிறது. 2011இல் எங்கள் இலங்கை மின்சார சபையோடு கூட்டுச் சேர்ந்து திருகோணமலைப் பக்கத்துச் சம்பூரில் 500 மெகாவோட் நிலக்கரி நிலையம் கட்ட ஒப்பந்தம் போட்டார்கள். 2016 செப்டெம்பரில், அந்தத் திட்டம் இனி இல்லை என்று அரசாங்கத் தரப்பு உயர் நீதிமன்றத்தில் சொன்னது. 2025 ஏப்ரலில் அதே இரண்டு தரப்பும் அதே சம்பூரில் 120 மெகாவோட் சூரிய மின் திட்டத்தைத் தொடங்கின. அதே ஆண்டு செப்டெம்பரில் ராஜஸ்தானில் மாஹி பான்ஸ்வாரா என்ற இடத்தில் இதே நிறுவனம் பங்காளியாக இருக்கும் அணுமின் நிலையத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். 700 மெகாவோட் உலை நான்கு.

இங்கேயும் அணுமின் பேச்சு புதிதல்ல. 2014இலேயே அணுசக்திச் சட்டம் வந்துவிட்டது, 2015 பெப்ரவரியில் இந்தியாவோடு ஒரு அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தமும் எழுதியிருக்கிறோம். எந்தக் கரையில், யார் கட்டுவார்கள் என்பதெல்லாம் வேறு கதை. ஆனால் கடற்கரைதான் வேண்டும் என்பார்கள், அது மட்டும் நிச்சயம்.

2006இல் போரால் இடம்பெயர்ந்து சம்பூர்ச் சனம் வெருகல் தாண்டி எங்கள் ஊருக்கு வந்தபோது எங்கள் வளவில் மூன்று குடும்பம் இருந்தது. நான் அப்போது சின்னப் பெடியன். அவர்கள் விட்டுவிட்டு வந்த காணியில் நிலக்கரி நிலையம் வரப்போகிறது என்பது அவர்களுக்கே பிறகுதான் தெரிந்தது. என் மனதில் நிற்பது அதுதான். இந்த முறை முதலிலேயே பேசி வைப்போம். அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

மின்கம்பி | கல்லடி

தம்பி, நல்ல விடயம் தொடங்கியிருக்கிறீர்கள். நான் மின் பொறியியல் படித்தவன், இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். என் கருத்து பலருக்குப் பிடிக்காமல் போகலாம், இருந்தாலும் எழுதுகிறேன். நிலக்கரியையும் அணுவையும் ஒரே கூடையில் போடக்கூடாது.

நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தை எடுங்கள். 300 மெகாவோட் இயந்திரம் மூன்று, மொத்தம் 900. அதற்கு ஆண்டுக்கு 20 இலட்சம் தொன்னுக்கும் மேல் நிலக்கரி வேண்டும். எல்லாம் கப்பலில் வரவேண்டும், அதுவும் மேற்குக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் மட்டும். அதில் நூற்றுக்குப் பத்து பங்கு சாம்பல் என்று வைத்தாலே ஆண்டுக்கு 2 இலட்சம் தொன். கொஞ்சம் சீமெந்துக்குப் போகும், மிச்சம் மலைபோல் குவியும். கச்சான் காலத்தில் காற்று கடல் பக்கமிருந்து அடிக்கும்போது தூள் ஊருக்குள் வருகிறது என்று கற்பிட்டிப் பக்கத்து விவசாயிகள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரியும்.

1,000 மெகாவோட் அணு உலைக்கு ஆண்டுக்கு 25, 30 தொன் எரிபொருள் போதும். இரண்டு மூன்று லொறி. புகைபோக்கியில் புகை இல்லை, கந்தகம் இல்லை, காபன் இல்லை. நிலக்கரிப் புகையால் நெஞ்சு வருத்தம் வந்து சாகிறவர்களை யாரும் எண்ணுவதில்லை, ஏனென்றால் அவர்கள் ஒரே நாளில் சாவதில்லை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துத்தான் பேசவேண்டும்.

ஆனால் ஒன்று. எங்கள் நாட்டின் உச்சத் தேவையே 3,000 மெகாவோட்டுக்குக் கிட்டத்தான். அதில் 1,000 மெகாவோட் உலை ஒன்றைப் பொருத்தினால், அது திடீரென்று நின்ற நிமிடம் முழு நாடும் இருளும். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று நினைவிருக்கும். பாணந்துறை உபமின் நிலையத்தில் தொடங்கிய கோளாறு, நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன, அதற்குப் பிறகும் சில நாள் மின்வெட்டு. ஆகவே எங்களுக்குப் பெரிய உலை சரிவராது. சின்ன உலைகள் பற்றி யோசிக்கலாம் என்பது என் நிலைப்பாடு.

ஐஸ்வாடி | வாழைச்சேனை

மின்கம்பி அண்ணை சொல்வதில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. கரண்ட் வேண்டும். அதை யாரும் மறக்காமல் பேசுங்கள்.

நான் ஐஸ் வாடி நடத்துகிறேன். துறைமுகத்தில் பல நாள் படகு கரைக்கு வரும்போது ஐஸ் இல்லை என்றால் அந்தச் சூரை என்ன விலைக்குப் போகும் தெரியுமா? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை. பாதி உறைந்த கட்டியை அச்சிலிருந்து எடுத்தால் நடுவில் தண்ணீர் நிற்கும், வெளியே எடுத்துத் தட்டினால் பிளந்துபோகும். அப்படி நூற்றுக்கணக்கான கட்டியை வாடிக்குப் பின்னால் ஊற்றினோம். ரெஜிபோம் பெட்டியோடு வந்த வியாபாரிகள் வெறும் கையோடு திரும்பினார்கள்.

நிலக்கரி வேண்டாம், அணு வேண்டாம், சரி. இரவில் என் வாடிக்கு எது ஐஸ் போடும்? அதைச் சொல்லிவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நெய்தறி | மருதமுனை

ஐஸ்வாடித் தம்பி கேட்பது நியாயமான கேள்வி. என்னுடைய கேள்வி வேறு.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். 2004 டிசம்பர் 26 காலை நாங்கள் கடலிலிருந்து மூன்றாவது வீதியில் இருந்தோம். உம்மாவின் தறி வீட்டின் முன் அறையில் இருந்தது. அந்தத் தறியின் சட்டத்தைப் பிறகு வயல் பக்கத்தில் கண்டெடுத்தோம், பாவு நூல் அதிலேயே சுற்றிக் கிடந்தது, சேறு காய்ந்து நூல் கம்பிபோல் நின்றது. உம்மாவைக் கண்டெடுக்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போனார்கள். நாவலடியில், கல்லடியில், திருச்செந்தூரில் என்ன நடந்தது என்று மட்டக்களப்புக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதே நாள், அதே கடல், தமிழ்நாட்டில் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குள்ளும் போனது. கடல் நீரை இழுக்கும் பம்பு அறைக்குள் தண்ணீர் ஏறி, ஓடிக்கொண்டிருந்த உலையை நிறுத்தினார்கள். உலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊழியர் குடியிருப்பில் இருந்தவர்கள் பலர் இறந்தார்கள். ஆறு வருடம் கழித்து 2011 மார்ச் 11இல் ஜப்பானில் ஃபுகுஷிமாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை. சுமார் 14 மீற்றர் அலை. ஒன்றரை இலட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டுப் போனார்கள்.

மின்கம்பி சேர், நீங்கள் பொறியியலாளர். நிறுத்திய உலை ஏன் வெடித்தது என்று பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் என்னிடம் கேட்கிறார்கள். நான் சொல்லும் பதில் சரிதானா என்று இங்கே எழுதுங்கள். சுனாமி வந்த கரையில் இருப்பவர்களுக்கு அது பாடப்புத்தகக் கேள்வி இல்லை.

மின்கம்பி | கல்லடி

டீச்சர், உங்கள் உம்மாவுக்காகத் துஆச் செய்கிறவர்களோடு நானும் ஒருவன் என்று வையுங்கள். என் பெரியம்மாவும் அன்றுதான் போனார், டச்பார்ப் பக்கம்.

கேள்விக்கு வருகிறேன். விறகடுப்பை அணைத்தாலும் தணல் கிடக்கும், பானையில் சோறு கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். உலையும் அப்படித்தான். 1,000 மெகாவோட் மின்சாரம் தரும் உலைக்குள் உண்டாகும் வெப்பம் அதைப்போல் மூன்று மடங்கு, கிட்டத்தட்ட 3,000 மெகாவோட். நிறுத்திய அந்தக் கணத்தில் அதில் ஆறேழு விழுக்காடு மிச்சம் நிற்கும். அதாவது 200 மெகாவோட்டுக்குக் கிட்டிய வெப்பம். அது நாள் போகப் போகத்தான் குறையும். அதுவரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், தண்ணீர் ஓட பம்பு வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும். ஃபுகுஷிமாவில் நிலநடுக்கத்தில் வெளி மின்சாரம் போனது, டீசல் ஜெனரேட்டர்கள் அலையில் மூழ்கின. எரிபொருள் உருகி, ஐதரசன் வாயு சேர்ந்து, கட்டடம் வெடித்தது.

புதிய உலைகளில் மின்சாரம் இல்லாமலே தண்ணீர் தானாக இறங்கிக் குளிரவைக்கும் வழி வைத்திருக்கிறார்கள். அது உண்மையான முன்னேற்றம். ஆனால் ஜெனரேட்டர் எந்த உயரத்தில் நிற்கவேண்டும் என்பதை முடிவெடுக்கும் இடத்தில் 2004ஐக் கண்ட ஒருவர் இருக்கவேண்டும் என்று நானும் சொல்வேன்.

கல்லாறு | பெரியகல்லாறு

வணக்கம். நான் சென்னையில் ஏழு வருடம் இருந்தேன். வடசென்னைப் பக்கம் எண்ணூர், காட்டுப்பள்ளி என்று வேலை விடயமாக அடிக்கடி போவேன். நிலக்கரி பற்றி நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். அங்கே வரிசையாகப் பல அனல் மின் நிலையங்கள். நான் பார்த்தது எதனுடையது என்பதை இங்கே எழுதவில்லை, அது இந்தப் பேச்சுக்கு முக்கியமும் இல்லை.

எண்ணூர் முகத்துவாரத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கள் கல்லாற்று முகத்துவாரம்தான் ஞாபகம் வந்தது. கொசஸ்தலை ஆறு கடலில் விழும் இடம், இரண்டு பக்கமும் கண்டல், நடுவில் இறாலுக்கும் நண்டுக்கும் இறங்கும் சனம். சாம்பலைத் தண்ணீரில் கலந்து குழாய் வழியாகக் குளத்துக்கு அனுப்புவார்கள். அந்தக் குழாய் ஆற்றுக்கு மேலாலேயே போகிறது. ஒரு மூட்டில் ஒழுக்கு. சாம்பல் கூழ் கோடு கோடாக இறங்கி ஆற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்த்து நிற்கவில்லை, அது பழகிப்போன காட்சி.

ஒரு அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். வாயில் ஓலைப் பறி. பேசவேண்டும் என்று கரைக்கு வந்தபோது காலைக் காட்டினார். முழங்கால் வரை வெண் சாம்பல், சுண்ணாம்பு பூசியது மாதிரி. அதற்கு மேல் தோல் வெடித்திருந்தது. "முன்ன கால் புதைஞ்சா சேறு, இப்ப புதைஞ்சா சிமெண்டு தம்பி" என்றார். நான் குனிந்து ஆற்றின் அடியைக் கையால் அள்ளினேன். மண் வரவில்லை. சாம்பல்தான் வந்தது, முகப்பவுடர் மாதிரி நுண்மையாக, விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு கழுவினாலும் போகவில்லை.

அந்தச் சாம்பலுக்குள் ஆர்சனிக், ஈயம், கட்மியம், பாதரசம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். நிலக்கரிக்குள் கோடி வருடம் பூட்டிக் கிடந்தவை. எரித்தால் காபன் காற்றுக்குப் போகிறது, இவை மிஞ்சுகின்றன.

சம்பூரில் நிலக்கரி நின்றது என்று கேட்டபோது நான் அந்த அக்காவின் காலைத்தான் நினைத்தேன்.

நாணல் | அக்கரைப்பற்று

கல்லாறு தம்பி, அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும், இதை எழுதியதற்கு. நான் வயல்காரன். எனக்கு இரண்டு விடயம் தெரியவேண்டும். ஒன்று, நிலக்கரி எரித்த பாதரசம் எவ்வளவு தூரம் வரும்? இரண்டு, மின் நிலையம் கடலுக்குள் விடும் சுடுதண்ணி சுடுதண்ணி என்கிறார்கள், அது நிலக்கரிக்கும் அணுவுக்கும் ஒன்றா?

மின்கம்பி | கல்லடி

நாணல் காக்கா, இரண்டாவதை முதலில் சொல்கிறேன்.

இரண்டும் அடிப்படையில் கேத்தில்தான். தண்ணீரைக் கொதிக்கவைத்து நீராவியால் சுழலியைச் சுற்றுவது. உண்டாகும் வெப்பத்தில் நிலக்கரி நிலையம் 35 முதல் 40 விழுக்காட்டை மின்சாரமாக்கும், இன்றைய அணு நிலையங்கள் மூன்றில் ஒரு பங்குதான். மிச்சம் எங்கேயோ போகவேண்டும். நிலக்கரி நிலையத்தில் ஒரு பகுதி புகைபோக்கியால் போகும். அணுவில் கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீருக்குத்தான் போகும். ஆகவே ஒரே அளவு மின்சாரத்துக்கு அணு நிலையம் கடலுக்குக் கூடுதல் சூடு கொடுக்கும். இது நான் ஆதரிக்கும் தொழில்நுட்பத்தின் குறை, மறைக்கமாட்டேன். கூடங்குளத்தில் உள்ளே இழுக்கும் நீரைவிட வெளியே விடும் நீர் 7 பாகைக்கு மேல் சூடாக இருக்கக்கூடாது என்பது விதி. கடலில் கலந்து போகப்போகச் சூடு குறையும், எவ்வளவு தூரத்தில் குறையும் என்பது நீரோட்டத்தையும் ஆழத்தையும் பொறுத்தது.

பாதரசம். ஒரு பகுதி பக்கத்திலேயே விழும், ஒரு பகுதி ஆவியாகவே காற்றில் மாதக்கணக்கில் இருந்து நாடு கடந்து போகும். தண்ணீரில் விழுந்தது அடிச்சேற்றில் நுண்ணுயிர்களால் மெதைல் பாதரசமாக மாறும். பிறகு சின்ன மீன், பெரிய மீன், மனிதன் என்று ஏறிக்கொண்டே போகும். ஆழமில்லாத, தண்ணீர் மெதுவாக மாறும் களப்புகளில் இது கூடுதல் கவலை. எங்கள் மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளம், கடலோடு தொடுவது பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும்தான். இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

கதிரவெளியான் | வாகரை

7 பாகை என்றதும் நெஞ்சு திக்கென்றது. காயான்கேணிப் பவளப்பாறைக்கு நான் சுற்றுலாக்காரர்களைப் படகில் கூட்டிப் போகிறேன். 2019இல் அதைக் கடல்சார் சரணாலயமாக்கினார்கள். வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு பாகை கூடி, சில கிழமை அப்படியே நின்றாலே பவளம் வெளுத்துப்போகும். வெளுத்த பவளத்தை நான் பார்த்திருக்கிறேன். கிளைகள் எல்லாம் அப்படியே நிற்கும், நிறம் மட்டும் போயிருக்கும், எலும்பு மாதிரி. மீன் குஞ்சுகள் அதற்குள் வராது.

சம்பூரிலிருந்து எங்கள் ஊருக்குக் கடல் வழியாக 30 கிலோமீற்றர் அளவில்தான். வாடை காலத்தில் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும். மாதக்கணக்கில் எங்கள் வலைக்குள் வரும் கண்டல் இலையும் போத்தலும் எல்லாம் வடக்குச் சாமான். அங்கே விட்ட சூடு இங்கே வரும்போது எவ்வளவு மிஞ்சும் என்பது கணக்குப் பார்க்கவேண்டிய விடயம். சம்பூர் நிலக்கரித் திட்டம் பேசப்பட்ட காலத்தில் எங்கள் பக்கத்து மீனவர்களிடம் யாரும் வந்து எதுவும் கேட்டதாக அப்பாவுக்கு ஞாபகம் இல்லை. மாவட்ட எல்லை வெருகலாற்றோடு முடிகிறது, கடலுக்கு அப்படி எல்லை இல்லையே.

பாலைமரம் | சம்பூர்

இந்த இழையை மகள் காட்டினாள். நான் தட்டச்சுச் செய்யமாட்டேன், சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

கதிரவெளித் தம்பி, உங்கள் வளவில் இருந்த குடும்பங்களில் ஒன்று எங்களுடையதாகவும் இருக்கலாம். ஊரை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு முப்பத்தாறு வயது. வாகரை, பிறகு மட்டக்களப்பு முகாம், பிறகு கிளிவெட்டி. திரும்பிக் காணிக்குள் கால் வைத்தபோது நாற்பத்தைந்து. வீடு இல்லை. வீடு இருந்ததற்கு அடையாளமும் இல்லை, எல்லாம் தட்டையாக்கிப் பற்றை மூடியிருந்தது. எங்கள் வளவு எது, அண்ணன் வளவு எது என்று தெரியாமல் நின்றோம். கிழவி ஒருத்தி பாலை மரத்தைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு வடக்கால பத்து அடி, கிணறு" என்றாள். மண்வெட்டியால் கொத்தினோம். மூன்றாவது கொத்தில் கிணற்றுக் கட்டின் சீமெந்து தட்டுப்பட்டது. மண் நிரப்பி மூடியிருந்தார்கள். அதைத் தோண்டி எடுக்க இரண்டு கிழமை. முதல் தண்ணீர் ஊறி வந்தபோது எல்லோரும் கையில் ஏந்திக் குடித்தோம், சேற்றுத் தண்ணீர்தான்.

அந்தக் கிணற்றுக்குக் கிட்டவே நிலக்கரி எரிக்கும் நிலையம் வரும் என்றார்கள். ஒன்பது வருடம் காத்திருந்து வந்த காணிக்குப் பக்கத்தில். அப்போது சம்பூரிலும் மூதூரிலும் தமிழ்ச் சனமும் முஸ்லிம் சனமும் ஒன்றாய் நின்றார்கள். திருகோணமலையில் படித்தவர்கள் உதவினார்கள், கொழும்பில் வழக்குப் போட்டார்கள். வழக்கில் நின்றது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சனம் ஊருக்குத் திரும்பி வந்து அங்கேயே குடியிருந்ததால்தான் வழக்குக்கே உயிர் வந்தது என்பது என் எண்ணம். சனம் இல்லாத காணி என்றால் யாருக்காக வழக்காடுவது?

சோலர் வருவதில் எனக்குக் கோபம் இல்லை. புகை இல்லை, சாம்பல் இல்லை. ஆனால் கம்பி வேலி இருக்கிறது. மாடு மேய்ந்த நிலம் வேலிக்குள் போனால் மாடு எங்கே போகும் என்று கேட்டால் கோபிக்கக்கூடாது.

நாணல் | அக்கரைப்பற்று

அம்மா சொன்னது நெஞ்சில் இருக்கிறது. வேலி பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். திருகோணமலை முத்துநகரில் 2025இல் விவசாயிகள் தெருவுக்கு வந்தது எதற்காக? அவர்கள் செய்த வயல் நிலத்தைச் சோலருக்குக் கொடுத்ததற்காக. சோலர் நல்லது என்பதற்காக அந்த விவசாயி கெட்டவன் ஆகிவிடுவானா? வயலில் போடாமல் கூரையில் போடட்டும். குளத்துக்கு மேல் போடட்டும். பள்ளிவாசல், கோயில், பாடசாலை, நெல் களஞ்சியம், எத்தனை கூரை சும்மா வெயில் காய்கிறது.

மின்கம்பி | கல்லடி

கூரை நல்லதுதான் காக்கா, ஆனால் 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலரைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபையே கேட்டது. தொழிற்சாலை எல்லாம் மூடியிருக்க வெயில் மட்டும் கொட்டியது, அந்த மின்சாரத்தை எடுக்க ஆள் இல்லை. பகலில் மிஞ்சுவதை இரவுக்குச் சேமிக்கும் பற்றரிகள் வராமல் ஐஸ்வாடித் தம்பியின் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்காது. அதுவரை நிலக்கரியை ஒரே நாளில் மூடமுடியாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். புதிதாக நிலக்கரி நிலையம் கட்டமாட்டோம் என்று 2021இல் இலங்கையும் சேர்ந்து உலகத்துக்கு வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கைப் பிடித்துக்கொள்வோம்.

ஐஸ்வாடி | வாழைச்சேனை

அண்ணை, ஐஸ் வாடிக்கு ஒரு விடயம் இருக்கிறது, இந்தப் பேச்சில்தான் எனக்கே உறைத்தது. ஐஸ் கட்டிதான் பற்றரி. பகலில் வெயில் கரண்டில் உறையவைத்து, நல்ல பெட்டியறைக்குள் அடுக்கினால் இரவுக்கு அது நிற்கும். இப்போது நான் இரவில் உறையவைப்பது பழக்கத்தால், அதுக்கு வேறு காரணம் இல்லை. கூரைக்கு எத்தனை தகடு வேண்டும், அறைச் சுவருக்கு எத்தனை அங்குல ரெஜிபோம் வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருவீர்களா? செலவு கட்டினால் செய்கிறேன், கட்டாவிட்டால் கட்டவில்லை என்று இங்கேயே வந்து எழுதுகிறேன்.

மின்கம்பி | கல்லடி

ஒரு மாத பில்லும் வாடியின் அளவும் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன்.

கல்லாறு | பெரியகல்லாறு

அந்தக் கம்பனியின் விடயத்துக்கும் கொஞ்சம் வருவோம். வங்காளதேசத்தில் ராம்பாலில் 1,320 மெகாவோட் நிலக்கரி நிலையத்தைக் கட்டியதும் இதே நிறுவனம்தான், அந்த நாட்டு மின்சார சபையோடு சேர்ந்து. சுந்தரவனக் கண்டல் காட்டிலிருந்து 14 கிலோமீற்றர். அங்கேயும் வருடக்கணக்கில் சனம் எதிர்த்தது, ஊர்வலம் போனது. ஆனால் கட்டினார்கள், 2022 கடைசியில் ஓடத் தொடங்கியது. சம்பூரைக் கைவிட்ட அதே காலத்தில் ராம்பாலைக் கைவிடவில்லை. 2017 நவம்பர் 1இல் உத்தரப் பிரதேசத்தில் ஊஞ்சாஹார் நிலையத்தில் கொதிகலன் வெடித்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஒக்டோபரில் விந்தியாச்சல் நிலையத்தின் சாம்பல் அணை உடைந்து ரிஹந்த் நீர்த்தேக்கத்துக்குள் சாம்பல் போனது.

கெட்ட கம்பனி என்று பட்டம் கட்ட இதை எழுதவில்லை. நிலக்கரி எரிக்கும் பெரிய கம்பனி எதை எடுத்தாலும் இப்படி ஒரு பக்கம் இருக்கும். அணு உலைக்குள் கால் வைக்கும்போதும் இதே ஆட்கள், இதே நிர்வாகப் பழக்கம்தான் கூடப் போகும். சாம்பல் அணை உடைந்தால் கழுவ வழி இருக்கிறது. மற்றதற்கு?

நெய்தறி | மருதமுனை

கல்லாறுத் தம்பி கேட்டதோடு இதையும் சேருங்கள். பயன்படுத்திய எரிபொருளைப் பல வருடம் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துக் குளிரவைக்கவேண்டும், பிறகு ஆயிரக்கணக்கான வருடம் காவல் வேண்டும். 2004க்குப் பிறகு வந்த, கடலோரத்தில் கட்டடம் கட்டக்கூடாது என்ற எல்லையை இருபது வருடத்துக்குள்ளேயே எல்லோரும் மறந்துவிட்டோம். எங்கள் வீதியிலேயே கடல் பக்கமாக மதில் எழும்பிவிட்டது. இருபது வருடம் நினைவு வைத்திருக்க முடியாத நாங்கள் எதை வைத்துக் காவல் காக்கப்போகிறோம்? சின்ன உலையோ பெரிய உலையோ, என் பதில் வேண்டாம் என்பதுதான். மின்கம்பி சேர் கோபிக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

மின்கம்பி | கல்லடி

கோபம் இல்லை டீச்சர். அந்த மதில் விடயத்துக்கு என்னிடம் பதிலும் இல்லை.

கதிரவெளியான் | வாகரை

இன்று இரவு முழு இழையையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சம்பூர் அம்மா எழுதியதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். அவர்கள் யார் என்று அவருக்குத் தெரியும்போல இருக்கிறது, கிழவியின் பெயரைச் சொல்லி "அவ இருக்கிறாவா?" என்று கேட்கச் சொன்னார். அக்கா, மகளிடம் சொல்லித் தனிமடலில் எழுதுங்கள்.

சுடுதண்ணி பற்றி அவர் சொன்னது இது: "மீன் செத்துப்போகாது மகன். வெளிக்கடலுக்குப் போயிரும். கீரியும் சூடையும் கரைக்கு வாறதாலதான் கரைவலைக்காரன் பிழைக்கிறான். அது பத்துக் கட்டை வெளியால போனா, எண்ணெய் அடிச்சு ஆர் போறது?"

என் வேலையை நான் சொல்லிவிடுகிறேன். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஒன்று வெளியே வந்தால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள்தான் கொடுப்பார்கள். நூற்றுக்கணக்கான பக்கத்தை அந்த 30 நாளுக்குள் வாசித்து, கரைவலைக்காரனுக்கு விளங்கச் சொல்லி, அவன் சொல்வதை எழுதி அனுப்ப முடியாது. ஆகவே அறிக்கை வருமுன்னே எங்கள் பக்கத்தை எழுதி வைக்கப்போகிறேன். எந்த மாதம் எந்த மீன் எந்தத் துறையில் படுகிறது, நீரோட்டம் எப்போது எந்தப் பக்கம் இழுக்கிறது, பவளம் எங்கே உயிரோடு இருக்கிறது. வெருகலிலிருந்து பாசிக்குடா வரை ஒவ்வொரு துறையிலும் ஒருவரைப் பிடித்துக் கேட்டால் மூன்று மாதத்தில் முடிக்கலாம். கூடவே, கிழக்குக் கரையில் அணுமின் நிலையத்துக்கு ஏதாவது இடம் பார்த்திருக்கிறார்களா என்று 2016 தகவல் அறியும் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கப்போகிறேன். கடிதத்தைத் தமிழில் எழுதுகிறேன், பதிலும் தமிழில் தரச் சொல்லிக் கேட்பேன்.

முதல் சந்திப்பு வருகிற சனிக்கிழமை பின்னேரம் 4 மணி, கதிரவெளிக் கடற்கரையில் வாடிக்கு முன்னால். அப்பாவும் இன்னும் நாலு பழைய ஆட்களும் இருப்பார்கள்.

நெய்தறி | மருதமுனை

நான் வருகிறேன். பாடசாலையில் கிழக்குக் கரையின் பழைய கடல் ஆழ வரைபடம் ஒன்று சுவரில் தொங்குகிறது, அதிபரிடம் கேட்டு எடுத்து வருகிறேன். மருதமுனையிலிருந்து மட்டக்களப்புக்கு வந்தால், அங்கிருந்து வாகரைக்குப் பின்னேரம் பஸ் இருக்கிறதா?

ஐஸ்வாடி | வாழைச்சேனை

டீச்சர், வாழைச்சேனை வரை வாருங்கள். அங்கிருந்து என்னுடைய லொறியில் போகலாம், மீன் மணம் கொஞ்சம் இருக்கும். பாலைமரம் அக்கா வருவதென்றால் வெருகல் பாலத்தடியில் நின்றால் பெடியன் ஒருவனை அனுப்பி ஏற்றுகிறேன்.